“சிஸ்டம் எடுத்துக்கல”: கம்பெனிகளை எடைபோடும் விதிகளின் வரலாறு

கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நம் சிறுதொழில்காரர்கள் இப்போதெல்லாம் கேட்டுத் திரும்பும் பதில் ஒன்றுதான்: “எங்க கையில ஒண்ணும் இல்லீங்க, சிஸ்டம் எடுத்துக்கல.” முன்பு மேனேஜர் மறுத்தார். அவரிடம் சண்டை போடலாம், மேலதிகாரிக்கு மனு எழுதலாம், வாசலில் உட்காரலாம். இப்போது மறுத்தது யார் என்றே தெரிவதில்லை.

இந்த “சிஸ்டம்” வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்த்து “இது தேறும், இது தேறாது” என்று சொல்லும் வேலையை மனிதர்களிடமிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து சூத்திரத்துக்கும், சூத்திரத்திலிருந்து கணினிக்கும் மாற்றிய ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தது. மேலாண்மைப் பாடநூல்கள் அதை வளர்ச்சிக் கதையாகச் சொல்கின்றன. நாம் அதை வேறொரு கேள்வியோடு வாசிக்க வேண்டியிருக்கிறது. எடைபோடப்படுகிறவர் “ஏன்?” என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை யாருக்காவது இருந்ததா?

ஊர்ப்பேச்சைப் பதிவேட்டில் ஏற்றிய காலம்

1837இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. நியூயார்க்கில் பட்டு வணிகம் செய்துவந்த டப்பன் சகோதரர்களின் கம்பெனி, கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் நொடித்துப்போனது. தூரத்து ஊர் வியாபாரியை நேரில் பார்க்காமலே கடன் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவரைப் பற்றி நம்பகமாகச் சொல்ல ஆளிருந்தால் அதற்குக் காசு கொடுக்க வணிகர்கள் தயாராக இருப்பார்கள் என்பதைச் சகோதரர்களில் ஒருவரான லூயிஸ் டப்பன் புரிந்துகொண்டார். 1841இல் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’யைத் தொடங்கினார். இன்று ‘டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் உலகம் முழுக்கக் கம்பெனிகளைப் பற்றித் தகவல் விற்கும் நிறுவனத்தின் வேர் இதுதான்.

டப்பன் அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். 1834 கலவரத்தில் நிறவெறிக் கும்பல் அவர் வீட்டைச் சூறையாடியது. அமிஸ்டாட் கப்பலில் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலை வழக்குக்குப் பணமும் வழக்கறிஞரும் திரட்டியவர் அவர். அப்படிப்பட்டவர் தொடங்கிய ஏஜென்சியின் ஏடுகளில் என்ன எழுதப்பட்டது?

ஏஜென்சிக்கு ஊர் ஊராகத் தகவலாளர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர்கள். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கனும் அவர்களில் ஒருவர். வியாபாரியின் சொத்து, கடன், நாணயம், குடிப்பழக்கம், குடும்ப நிலை எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் என்றால் அதையும் குறித்தார்கள். யூதர் என்றால் அந்தச் சொல்லே எச்சரிக்கையாகப் பயன்பட்டது என்பதை அந்த ஏடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி நூலகத்தில் அப்படிப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட ஏடுகள் இன்றும் இருக்கின்றன. தொடங்கியவரின் நல்லெண்ணம் ஏட்டைக் காப்பாற்றவில்லை. எழுதியவர்கள் ஊர்ப் பெரியவர்கள், எனவே ஏட்டில் ஏறியது ஊரின் பார்வை. ‘ஊர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுதப்பட்டவருக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சந்தா கட்டிய வணிகருக்கு மட்டும் அலுவலகத்தில் வாசித்துக் காட்டுவார்கள். ஓஹையோ மாநிலத்து வணிகர் ஜான் பியர்ட்ஸ்லி என்பவரின் மனைவி விவாகரத்துக் கேட்கப் போகிறார் என்ற பேச்சு ஏட்டில் ஏறியது. சரக்குக் கொடுப்பவர்கள் பின்வாங்கினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தகவல் சொன்னது யார் என்று நீதிமன்றம் கேட்டபோது, டப்பனுக்குப் பின் பொறுப்பேற்ற பெஞ்சமின் டக்ளஸ் சொல்ல மறுத்துச் சிறைக்கே போனார். 1851இல் ஜூரி பியர்ட்ஸ்லிக்கு 10,000 டாலர் இழப்பீடு வழங்கியது. 1870இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் கேட்ட முதல் வணிகர்களில் ஒருவர் இருபது ஆண்டு அலைந்து கண்ட பலன் அது.

விகிதங்கள் தந்த விடுதலையும் அதன் எல்லையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. கடன் கேட்கும் கம்பெனிகளிடம் வங்கிகள் பேலன்ஸ் ஷீட் கேட்கத் தொடங்கின. பேலன்ஸ் ஷீட்டிலிருந்து விகிதம் போடலாம். ஓராண்டுக்குள் பணமாகக் கூடிய சொத்தை ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனால் வகுத்தால் வருவது நடப்பு விகிதம், நம் ஆடிட்டர்கள் ‘கரண்ட் ரேஷியோ’ என்பது. 2 வந்தால் ஒரு ரூபாய்க் கடனுக்கு இரண்டு ரூபாய் கையிருப்பு. 1க்குக் கீழே போனால் ஆபத்து. 1919இல் அலெக்சாண்டர் வால் 981 கம்பெனிகளுக்கு ஏழு விகிதங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். கம்பெனியை அதன் முதலாளியின் குணத்தை வைத்து அளக்காமல் எண்களை வைத்து அளக்கலாம் என்பதற்கு அது பெரிய எடுத்துக்காட்டு.

எண்ணுக்குச் சாதியில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் “அவன் குடும்பம் எப்படி?” என்ற கேள்வியை விட “கையிருப்பு எவ்வளவு?” என்ற கேள்வி மேலானது. அதில் சந்தேகமில்லை.

எந்த விகிதத்தை நம்புவது என்ற அடுத்த கேள்விக்கு 1960களில் புள்ளியியல் விடை தேடியது. 1966இல் வில்லியம் பீவர் நொடித்த 79 கம்பெனிகளையும் நொடிக்காத 79 கம்பெனிகளையும் ஒப்பிட்டு 30 விகிதங்களைச் சோதித்தார். மொத்தக் கடனோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு எவ்வளவு பணம் உள்ளே வருகிறது என்ற விகிதமே திவாலை நன்றாக முன்னறிவித்தது. 1968இல் எட்வர்ட் ஆல்ட்மன் 66 உற்பத்திக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, ஐந்து விகிதங்களுக்கு ஆளுக்கொரு எடை கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினார். அதுதான் ‘இசட் ஸ்கோர்’. 2.99க்கு மேல் என்றால் பத்திரம், 1.81க்குக் கீழ் என்றால் ஆபத்து, நடுவில் இருந்தால் சொல்ல முடியாது.

சூத்திரம் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. யாரும் எடுத்துக் கணக்குப் போடலாம், ‘என் எண் ஏன் குறைந்தது’ என்று விகிதம் விகிதமாகப் பார்க்கலாம். இது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த 66 கம்பெனிகளும் பங்குச் சந்தையில் விலை உள்ள அமெரிக்கத் தொழிற்சாலைகள். ஐந்து விகிதங்களில் ஒன்றுக்குப் பங்கின் சந்தை விலை தேவை. பட்டறைக்கு ஏது பங்கு விலை? ஆல்ட்மனே பிறகு சந்தையில் இல்லாத கம்பெனிகளுக்கென்று சூத்திரத்தை மாற்றி எழுத வேண்டியிருந்தது. எந்தக் கூட்டத்தைப் பார்த்து அளவுகோல் செய்யப்பட்டதோ அந்தக் கூட்டத்துக்கே அது சரியாகப் பொருந்தும் என்பதை இந்த வரலாறு நெடுகப் பார்க்கலாம்.

நிபுணரின் தலைக்குள் இருந்ததை எழுதி வாங்கியபோது

இதே காலத்தில் கணினித் துறையில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1965இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபைகன்பாமும் கூட்டாளிகளும் ‘டென்ட்ரல்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வேதியியல் நிபுணர் ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பை எப்படி ஊகிக்கிறாரோ அதை விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பது அதன் நோக்கம். 1970களில் அங்கேயே ‘மைசின்’ வந்தது. இரத்தத்தில் பரவும் தொற்றுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று சொல்லும் நிரல் அது. “இது இப்படி இருந்து, அது அப்படி இருந்தால், இதுவாக இருக்கலாம்” என்ற வடிவில் நூற்றுக்கணக்கான விதிகள் அதற்குள் இருந்தன. இவற்றுக்கு ‘எக்ஸ்பர்ட் சிஸ்டம்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் வல்லுநர் அமைப்பு என்கிறோம்.

மைசினின் ஒரு குணத்தை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அது கேள்வி கேட்கும்போது மருத்துவர் “இதை ஏன் கேட்கிறாய்?” என்று திருப்பிக் கேட்கலாம். முடிவைச் சொன்ன பிறகு “இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?” என்று கேட்கலாம். எந்த விதியைப் பயன்படுத்தியது என்று அது எடுத்துக் காட்டும். காரணம் தெரியாமல் எந்த மருத்துவரும் கணினியின் பேச்சைக் கேட்க மாட்டார் என்று அதை உருவாக்கியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். டாக்டருக்கு இருந்த அந்த மரியாதை கடன் கேட்பவருக்குக் கிடைத்ததா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மைசினிலிருந்து மருத்துவ விதிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விதிகளை ஓட்டும் வெறும் கூடு. அதில் எந்தத் துறையின் விதிகளையும் போடலாம். 1980களில் இந்தக் கூடுகள் விற்பனைக்கு வந்தன. வங்கிகளும் தணிக்கை நிறுவனங்களும் ஆர்வம் காட்டின. காரணம் எளிது. விகிதத்தைக் கணக்கிடுவது எந்தக் குமாஸ்தாவாலும் ஆகும். அந்த விகிதம் என்ன சொல்கிறது என்று படிப்பதுதான் அனுபவசாலியின் வேலை. நடப்பு விகிதம் 2 இருக்கிறது, ஆனால் சொத்தெல்லாம் விற்காத சரக்காகக் கிடக்கிறது என்றால் அது நல்ல 2 அல்ல. லாபம் ஏறியிருக்கிறது, ஆனால் அது இயந்திரத்தை விற்றதால் வந்தது என்றால் அது தொழிலின் லாபம் அல்ல. இதெல்லாம் மூத்த அதிகாரியின் தலைக்குள் இருக்கிறது, அவர் ஓய்வு பெற்றால் அவரோடு போய்விடும். அதை எழுதி வாங்கினால் எல்லாக் கிளையிலும் ஒரே தரத்தில் ஆய்வு நடக்கும்.

எழுதி வாங்குவது சுலபமாக இல்லை. அனுபவசாலியிடம் “எப்படி முடிவெடுக்கிறீர்கள்?” என்று கேட்டால், “பார்த்தாலே தெரியும்” என்பார். அந்தப் “பார்த்தாலே தெரியும்” என்பதை உடைத்து விதிகளாக்குவதே பெரும் தடையாக இருந்தது என்று ஃபைகன்பாம் போன்றோரே சொன்னார்கள். நமக்கு இந்த இடம் முக்கியம். பார்த்ததும் தெரிந்தது என்ன என்பதை அதிகாரி தன் வாயால் சொல்லியாக வேண்டிய நிலை வரலாற்றில் அப்போதுதான் வந்தது.

கிரேக்கத்து 39 கம்பெனிகள்

விவரமாகப் பார்க்க ஓர் உதாரணம் கிரேக்க நாட்டிலிருந்து. அங்கே தொழில் வளர்ச்சிக்குக் கடன் கொடுத்த ‘எத்தேவா’ என்ற வங்கியின் வாடிக்கையாளர்களான 39 கம்பெனிகளை வைத்து 1990களில் ஆய்வுகள் நடந்தன. கிரீட் தீவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் சோபௌனிடிஸ் இதில் முக்கியமானவர். வங்கியின் கடன் அதிகாரி அந்தக் கம்பெனிகளை மூன்று வகையாகப் பிரித்தார்: ஏற்கத்தக்கவை, சந்தேகமானவை, ஏற்கத்தகாதவை. அவருடைய பிரிப்பிலிருந்து விதிகளைக் கண்டெடுப்பது ஆய்வின் வேலை. அதே பல்கலைக்கழகத்தில் கம்பெனிகளின் செயல்திறனையும் நிலைத்து நிற்கும் வலிமையையும் மதிப்பிட ‘ஃபினேவா’ என்ற வல்லுநர் அமைப்பும் உருவாக்கப்பட்டது. சோபௌனிடிஸ், மாத்சாத்சினிஸ், தௌம்போஸ் மூவரும் அதைப் பற்றி 1997இல் எழுதினார்கள்.

39 கம்பெனிகள் ஆய்வில் 12 அளவுகோல்கள் இருந்தன. ஆறு எண்கள்: சொத்தோடு ஒப்பிட்ட லாபம், சொந்த முதலோடு ஒப்பிட்ட லாபம், சொத்தில் கடனின் பங்கு, பண வரத்தோடு ஒப்பிட்ட கடன், விற்பனையில் வட்டிச் செலவு, விற்பனையில் நிர்வாகச் செலவு. மீதி ஆறும் எண்கள் அல்ல: மேலாளர்களின் வேலை அனுபவம், சந்தையில் கம்பெனியின் இடம், தொழில்நுட்ப வசதி, நிறுவன அமைப்பும் பணியாளர்களும், போட்டியில் உள்ள தனிச் சாதகம், சந்தைக்கேற்ப வளையும் தன்மை.

முதல் ஆறையும் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து யார் எடுத்தாலும் ஒரே விடைதான் வரும். இரண்டாவது ஆறுக்கும் அதிகாரிதான் ‘நன்று’, ‘சுமார்’, ‘மோசம்’ என்று குறிக்க வேண்டும். அவர் குறித்த பிறகு அது கணினிக்குள் மற்ற எண்களைப் போல ஓர் எண் ஆகிவிடும். “மேலாளர் அனுபவம் மோசம்” என்று குறித்தது யார், எதைப் பார்த்துக் குறித்தார் என்ற கேள்வி அங்கேயே மறைந்துவிடுகிறது. டப்பனின் ஏட்டில் வழக்கறிஞர் எழுதிய வரியும் கணினியில் ஏறிய இந்தக் குறியும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

கிரேக்க ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் அளவுகோல்களைப் பட்டியலிட்டு அச்சிட்டார்கள். அதனால்தான் முப்பது ஆண்டு கழித்து நாம் உட்கார்ந்து, எது எண், எது அபிப்பிராயம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

நிபுணர் என்றால் யார்?

வல்லுநர் அமைப்பு என்றால் முதலில் வல்லுநர் வேண்டும். யாரை வல்லுநர் என்று ஏற்பார்கள்?

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். லண்டனில் அவர் செய்த ஆய்வு 1923இல் ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற நூலாக வந்தது. வெளிநாட்டுப் படிப்புக்கு இடையில் மும்பையில் வருமானத்துக்கு வழி தேடியபோது முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்திப் பார்த்தார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆலோசனையில் பிழையிருந்ததாக யாரும் சொல்லவில்லை. நாட்டின் நாணய முறையை ஆராய்ந்த மனிதரின் சொல் மும்பை முதலீட்டாளருக்கு நிபுணரின் சொல்லாகப் படவில்லை. அன்று யாரேனும் நிபுணர்களிடமிருந்து விதிகளை எழுதி வாங்கியிருந்தால், எந்தத் தலைகளிலிருந்து வாங்கியிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

விதியில் ‘சாதி’ என்ற சொல் இருக்க வேண்டியதில்லை. அது இல்லாமலே வேலை நடக்கும். இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பிணை. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க வழி பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. நிலம் நம்மைவிட்டுப் போகாமலிருக்க வைத்த பாதுகாப்பு அது, நமக்குத் தேவையானதும்கூட. ஆனால் ‘பிணைச் சொத்தை எவ்வளவு எளிதாக விற்கலாம்?’ என்ற கேள்வியோடு வரும் விதி அந்தப் பாதுகாப்பையே குறையாகப் படிக்கும். வாங்கத் தகுதியுள்ளவர்கள் குறைவு, எனவே மதிப்பும் குறைவு. விதி எழுதியவர் மனதில் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, வரவேண்டிய பாக்கி. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறு தோல் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாக்கி 90 நாளுக்கு மேல் வசூலாகாமல் கிடந்தால் நிர்வாகம் பலவீனம்’ என்று ஒரு விதி இருந்தால் அந்தப் பட்டறை அடிபடும். ஆனால் பணத்தை இழுத்தடிப்பது வாங்குகிற பெரிய கம்பெனி. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. சட்டத்தை மீறுகிறவர் பெரிய கம்பெனி, மதிப்பெண் குறைவது பட்டறைக்கு. அந்த விதியை எழுதும்போது பட்டறைக்காரர் ஒருவர் உடனிருந்திருந்தால், ‘யாருடைய பாக்கி?’ என்று இன்னொரு வரி சேர்ந்திருக்கும்.

எழுதி வைத்த விதியை மாற்ற முடிந்தது

இந்தியாவில் இந்த விதிகள் கணினிக்கு முன்பே காகிதத்தில் வந்துவிட்டன. 1974இல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு, தொழில்களின் நடைமுறை மூலதனத்துக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று அளவு வகுத்தது. அதன் இரண்டாவது முறைப்படி கம்பெனியின் நடப்பு விகிதம் 1.33 இருக்க வேண்டும். பெரிய ஆலைகளுக்கு இது சரி. சரக்கும் பாக்கியும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் சிறு பட்டறையால் இத்தனை பட்டியல் போட்டுக் காட்ட முடியாது என்ற குரல் எழுந்தது. 1991இல் அமைக்கப்பட்ட நாயக் குழு சிறுதொழில்களுக்கு வழியை எளிதாக்கியது. ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனம் தேவை என்று வைத்துக்கொண்டு, அதில் 20 விழுக்காட்டை வங்கியும் 5 விழுக்காட்டைத் தொழில் முனைவோரும் போட வேண்டும் என்றது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். விதி எழுத்தில் இருந்தது. அதனால் அது யாருக்குப் பொருந்தவில்லை என்று சுட்ட முடிந்தது. சுட்டியதால் மாற்ற முடிந்தது. நாம் கணினிக்கு எதிரிகள் அல்ல. குடும்பப் பெயரையும் தெருப் பெயரையும் பார்த்து முடிவெடுக்கும் மேனேஜரை விட, எல்லோருக்கும் ஒரே விதியை ஓட்டும் இயந்திரம் நமக்கு நல்லதாகவே இருக்கலாம். அந்த விதி நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

காரணம் சொல்லும் இயந்திரம் ஒதுங்கிய கதை

1990களில் வல்லுநர் அமைப்புகளின் மவுசு குறைந்தது. விதிகளை எழுதி வாங்குவதும் புதுப்பிப்பதும் செலவு பிடித்த வேலை. மாறாக, பழைய கடன்களின் விவரத்தைக் கொட்டினால் கணினி தானே கற்றுக்கொள்ளும் முறைகள் வந்தன. 1990இலேயே ஆல்ட்மனின் விகிதங்களை நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்துத் திவாலைக் கணிக்கும் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க வங்கிகள் சிறு கம்பெனிகளின் கடனை, அதன் முதலாளியின் தனிப்பட்ட கடன் வரலாற்றையும் சேர்த்து ஒரே ஸ்கோராக்கி முடிவு செய்யத் தொடங்கின. எண் வந்தது. “ஏன்?” என்று கேட்டால் விதியை எடுத்துக் காட்டும் வசதி போனது.

இந்தியாவில் சிறு குறு நிறுவனங்களுக்கு 1 முதல் 10 வரை தரம் போடும் சிபில் தரவரிசை 2017இல் வந்தது. 2018 நவம்பரில் பொதுத்துறை வங்கிகளின் ‘59 நிமிடத்தில் கடன்’ திட்டம் வந்தது. ஜிஎஸ்டி, வருமான வரி, வங்கிக் கணக்கு விவரங்களை வைத்து 1 கோடி ரூபாய் வரை கொள்கை அளவிலான ஒப்புதல். 2024 ஜூலை பட்ஜெட்டில், சிறு நிறுவனங்களை அவற்றின் டிஜிட்டல் தடயங்களை வைத்து மதிப்பிடும் மாதிரியைப் பொதுத்துறை வங்கிகள் தாங்களே உருவாக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் விற்கும், ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத நம் தொழில்களுக்கு என்ன டிஜிட்டல் தடயம் இருக்கும்? தடயம் இல்லாததை இந்த மாதிரி எப்படிப் படிக்கும்? கேட்க வேண்டிய நேரம் இது.

இத்தனை கண்டிப்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் என்ரான் 2001 டிசம்பர் 2 அன்று திவால் மனு கொடுத்தது. அதற்குச் சில நாள் முன்பு, நவம்பர் 28 வரை அதன் கடன் பத்திரங்கள் ‘முதலீட்டுக்கு ஏற்றவை’ என்ற தரத்தில் இருந்தன. இங்கே 2018இல் 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமந்து நொடித்த ஐஎல் அண்ட் எஃப்எஸ், சில வாரங்களுக்கு முன்புவரை ‘டிரிபிள் ஏ’ தரத்தில் இருந்தது. பெரிய இடத்துக் கணக்குக்குச் சலுகையான வாசிப்பு எப்போதும் கிடைக்கிறது. பத்து லட்சம் கேட்பவருக்குக் கணினி கறார்.

நம் கையில் இருப்பவை

காரணம் கேட்பது கருணை மனு அல்ல, சட்டத்தில் வேர்பிடித்த உரிமை. அமெரிக்காவில் பெண்கள் இயக்கத்தின் போராட்டத்தால் 1974இல் சமகடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. 1976இல் இனம், நிறம், மதம் ஆகியவையும் அதில் சேர்க்கப்பட்டன. கடனை மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தியது. “கணினி சொன்னது” என்று தப்பிக்க அதில் இடமில்லை.

இந்தியாவிலும் வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 2003இல் ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை நெறி, சிறு கடன்களை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது. 2007இல் அது எல்லா வகைக் கடன்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் விண்ணப்பங்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அவற்றைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலை அதிகாரியே நிராகரிக்க வேண்டும், காரணத்தைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2016 ஏப்ரல் 5 அன்று தொடங்கப்பட்ட ‘ஸ்டாண்ட்-அப் இந்தியா’ திட்டம், ஒவ்வொரு கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடி ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு இருந்தும் விண்ணப்பம் திரும்பியதென்றால், திரும்பிய காரணம் எழுத்தில் எங்கே?

எனவே தோழர்களே, “சிஸ்டம் எடுத்துக்கல” என்று யாராவது சொன்னால் மூன்றைக் கேளுங்கள். மறுப்பை எழுத்தில் தாருங்கள். மறுத்த மேல்நிலை அதிகாரியின் பதவி என்ன? எந்த அளவுகோலில் குறைந்தோம்? பொதுத்துறை வங்கியாக இருந்தால் உங்கள் சொந்த விண்ணப்பத்தின் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் கேளுங்கள். வந்த பதிலையும் வராத பதிலையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். ஒருவரிடம் இருந்தால் அது புகார், நூறு பேரிடம் இருந்தால் ஆதாரம்.

வங்கிகளிடமும் ரிசர்வ் வங்கியிடமும் அமைப்புகளாக நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் உண்டு. மதிப்பீட்டு மாதிரிகளில் எவை எண்கள், எவை அதிகாரியின் அபிப்பிராயம் என்று பிரித்து வெளியிட வேண்டும். வாங்குபவர் இழுத்தடித்த பாக்கியைச் சிறு நிறுவனத்தின் குறையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. கைமாற்ற நிபந்தனை உள்ள நிலத்தைப் பாதகமாகப் படிக்கக் கூடாது. புதிய மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவரும் முன், பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பங்களை அது எந்த விகிதத்தில் தள்ளுகிறது என்று சோதித்து முடிவை வெளியிட வேண்டும். விதிகளை எழுதும் மேசையில் நம் தொழில் முனைவோரும் நம் கணக்காளர்களும் உட்கார வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முன்பே மருத்துவரின் “ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். கடன் கேட்டு வரிசையில் நிற்பவருக்கும் அதே பதிலைச் சொல்ல வைப்பது வங்கிகளால் முடியாத காரியமல்ல.